குறைத்த எடை மறுபடி ஏறாமல் இருக்க: கலோரி, புரதம், சோறு, எண்ணெய் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எடை குறைத்தவர்களிடம் பேசினால் பெரும்பாலும் ஒரே கவலைதான்: மறுபடி ஏறிவிடுமோ? அந்தக் கவலைக்குக் காரணம் உண்டு. ஆனால் இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகளில் முக்கால்வாசி குறைப்பதைப் பற்றியே பேசுகின்றன. குறைத்த பிறகு வரும் வருடங்களைப் பற்றி, அதுவும் சோறு, சாம்பார், இட்லி என்று சாப்பிடும் வீட்டுக்குப் பொருந்துகிற மாதிரி, எழுதியிருப்பது குறைவு. இந்தப் பக்கம் அதற்காக.

எடையைக் குறைப்பதும், குறைத்த எடையைக் காப்பதும் ஒரே வேலைதானே?

இல்லை. குறைக்கும்போது தராசு தினமும் ஏதாவது நல்ல செய்தி சொல்கிறது. பேன்ட் தளர்கிறது, பார்ப்பவர்கள் விசாரிக்கிறார்கள். எடை நின்ற பிறகு இதெல்லாம் நின்றுவிடும். ஆனால் பசி மட்டும் நிற்காது.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் ஒரு நீரிழிவு மருந்தைச் சாப்பிட்டவர்களை ஒரு வருடம் ஆராய்ந்து, 2016இல் வெளியிட்ட ஆய்வு அது. அவர்களுக்குத் தெரியாமலே தினமும் கலோரி வெளியேறியது, எடையும் குறைந்தது. குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் உடல் செலவழிக்கும் சக்தி நாளுக்கு 20 முதல் 30 கலோரி குறைந்தது. பசியோ நாளுக்குச் சுமார் 100 கலோரி அளவுக்குக் கூடியது. அதாவது 5 கிலோ குறைத்தவருக்கு உடல் தினமும் 500 கலோரி கூடுதலாகக் கேட்கிறது. 'எனக்கு மனக் கட்டுப்பாடே இல்லை' என்று தன்னையே திட்டிக்கொள்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இது உடலின் இயல்பான எதிர்வினை. அதனால், பசியைப் பல்லைக் கடித்துப் பொறுப்பதைவிட, குறைந்த கலோரியில் பசியை அடக்கும் சாப்பாட்டை வீட்டு வழக்கமாக்குவதுதான் காப்பதன் அடிப்படை.

டயட் இருந்தால் மெட்டபாலிசம் கெட்டுப்போகும் என்கிறார்களே?

மெட்டபாலிசம் என்பது உடல் சக்தியைச் செலவழிக்கும் வேகம். அது ஓரளவு குறையும் என்பது உண்மை. உடல் சிறிதானால் அதன் செலவும் சிறிதாகும். அதைத் தாண்டியும் சிலருக்குக் குறைகிறது. அமெரிக்காவில் ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் மளமளவென்று எடை குறைத்த 14 பேரை ஆறு வருடம் கழித்துச் சோதித்து 2016இல் வெளியிட்டார்கள். ஓய்வில் இருக்கும்போது அவர்கள் உடல் செலவழித்த சக்தி, அந்த அளவு உடம்புக்கு எதிர்பார்த்ததைவிட நாளுக்கு 500 கலோரி குறைவாக இருந்தது. குறைத்த எடையில் பெரும்பகுதியும் திரும்பியிருந்தது.

ஆனால் அவர்கள் குறைத்த வேகமும் செய்த உடற்பயிற்சியும் சாதாரண மனிதர் செய்யக்கூடியவை இல்லை. மாதம் ஒன்றரை, இரண்டு கிலோ என்று குறைத்தவர் அந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

எனக்கு ஒரு நாளைக்கு எத்தனை கலோரி தேவை?

தொடங்குவதற்கு ஒரு சூத்திரம் உண்டு. மிஃப்லின், செயின்ட் ஜியோர் என்ற இருவர் பெயரில் 1990 முதல் புழக்கத்தில் இருக்கிறது. எடையை (கிலோவில்) 10ஆல் பெருக்குங்கள். உயரத்தை (சென்டிமீட்டரில்) 6.25ஆல் பெருக்கி அதோடு கூட்டுங்கள். வயதை 5ஆல் பெருக்கிக் கழியுங்கள். கடைசியாக, ஆண் என்றால் 5 கூட்டுங்கள், பெண் என்றால் 161 கழியுங்கள். இது படுத்தே கிடந்தாலும் ஆகிற செலவு. உட்கார்ந்த வேலைக்கு இதை 1.2ஆலும், வாரத்தில் சில நாள் நடைப்பயிற்சி உண்டென்றால் சுமார் 1.4ஆலும், தினமும் நல்ல உடலுழைப்பு என்றால் 1.55 அல்லது அதற்கு மேலும் பெருக்க வேண்டும்.

உதாரணத்துக்கு 45 வயது, 158 சென்டிமீட்டர், 65 கிலோ உள்ள ஒரு பெண்ணுக்கு அடிப்படைச் செலவு சுமார் 1,250. நடைப்பயிற்சி உண்டென்றால் மொத்தம் 1,750 அருகில் வரும்.

இந்த எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே உயரம், ஒரே எடை உள்ள இருவருக்குள் 200 கலோரி வித்தியாசம் சாதாரணமாக இருக்கும். மூன்று வாரம் அந்த அளவில் சாப்பிட்டுப் பாருங்கள். எடை நின்றால் அது உங்கள் எண். ஏறினால் 100, 150 குறையுங்கள். இறங்கிக்கொண்டே போனால் கூட்டுங்கள். உங்கள் உடம்பு தரும் பதில்தான் எந்தச் சூத்திரத்தையும்விடச் சரியானது.

அப்போ ஆயுள் முழுக்கச் செயலியில் எழுதிக்கொண்டே இருக்கணுமா?

வேண்டாம். ஒரு மாதம் எழுதிப் பாருங்கள், கண்ணுக்கு அளவு பழகும். அதற்கப்புறம் தட்டில் அளப்பதைவிடச் சமையலறையில் அளப்பது சுலபம், நம்பகமானதும்கூட. கூட்டாகச் சமைத்துச் சாப்பிடும் வீட்டில் ஒரு கரண்டி குழம்பில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஆனால் மாதம் என்ன வாங்குகிறோம் என்பது மளிகைச் சீட்டிலேயே இருக்கிறது.

எண்ணெயைப் பாருங்கள். 1 லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம், கிட்டத்தட்ட 8,200 கலோரி. நாலு பேர் வீட்டில் மாதம் 4 லிட்டர் செலவானால் ஆளுக்கு நாளுக்குச் சுமார் 270 கலோரி எண்ணெயிலிருந்து மட்டும் போகிறது. அதை 3 லிட்டராக்கினால் ஆளுக்கு 205. யாருடைய தட்டிலும் எதுவும் குறையாமல் ஒவ்வொருவருக்கும் தினமும் 65, 70 கலோரி மிச்சம். சர்க்கரையும் அப்படித்தான். நாலு பேருக்கு மாதம் 3 கிலோ என்றால் ஆளுக்கு நாளுக்கு 25 கிராம், 100 கலோரி.

அரிசிக்கு ரைஸ் குக்கரோடு வரும் கப் போதும். அது 180 மில்லி, அதில் சுமார் 150 கிராம் அரிசி பிடிக்கும். சோறாக 400 கிராம் வரும், 520 கலோரி. எத்தனை கப் போட்டோம், எத்தனை பேர் சாப்பிட்டோம், எவ்வளவு மிச்சம் என்று பார்த்தால் கணக்கு முடிந்தது.

மேக்ரோ, மேக்ரோ என்கிறார்களே, அது என்ன?

நமக்குச் சக்தி தரும் மூன்று சத்துகள்: மாவுச்சத்து, புரதம், கொழுப்பு. ஒரு கிராம் மாவுச்சத்திலும் ஒரு கிராம் புரதத்திலும் 4 கலோரி, கொழுப்பில் 9. மதுவில் உள்ள ஆல்கஹால் சத்து அல்ல, ஆனால் அதிலும் கிராமுக்கு 7 கலோரி உண்டு.

எந்த விகிதம் சரி? லோ கார்ப் நல்லதா, லோ ஃபேட் நல்லதா?

எடையைப் பொறுத்தவரை இந்தச் சண்டைக்கு அவ்வளவு மதிப்பில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 609 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மாவுச்சத்தையும் மறு பிரிவுக்குக் கொழுப்பையும் குறைத்து ஒரு வருடம் பார்த்தார்கள். 2018இல் முடிவு வந்தது. ஒரு பிரிவு சராசரியாக 6 கிலோ, மற்றது 5.3 கிலோ. சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. ஆனால் ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் நிறையக் குறைத்தவரும் இருந்தார்கள், ஏறியவரும் இருந்தார்கள். எந்த முறையை ஒருவரால் தொடர்ந்து கடைப்பிடிக்க முடிகிறதோ அதுதான் அவருக்குப் பலன் தருகிறது.

நம் நாட்டுச் சிக்கல் வேறு. சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வின் உணவுப் பகுதி 2025இல் வெளியானது. இந்தியர் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்து, புரதம் வெறும் 12 சதவீதம். ஆக நமக்கு லோ கார்ப் தேவையில்லை, 'கொஞ்சம் குறைந்த கார்ப்' போதும். மாவுச்சத்தை 50 சதவீதத்துக்கு அருகில் கொண்டுவந்து, புரதத்தை 16, 18க்கு ஏற்றி, மீதி கொழுப்பு என்று வைத்துக்கொள்ளலாம். இது என் பரிந்துரை. ஆனால் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட தட்டுக் கணக்கும் இதே பக்கம்தான் போகிறது. 2,000 கலோரிக்கு ஒரு நாளில் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, கொட்டைகளும் விதைகளும் 35 கிராம், எண்ணெய் 27 கிராம். திடப் பொருள் எல்லாம் சமைக்காத எடை.

புரதத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

மூன்று காரணம். ஒன்று, அதே கலோரிக்குப் புரதம்தான் பசியை அதிக நேரம் தள்ளிப்போடுகிறது. காலையில் வெறும் இட்லி, சட்னி சாப்பிட்டால் பதினோரு மணிக்கு வயிறு கூப்பிடும், இரண்டு முட்டை சேர்த்தால் மதியம் வரை தாங்கும். இரண்டு, செரிக்கவே சக்தி வேண்டும். புரதத்தின் கலோரியில் 20 முதல் 30 சதவீதம் செரிமானத்திலேயே செலவாகிவிடும், மாவுச்சத்தில் 5 முதல் 10, கொழுப்பில் 3க்குள். மூன்றாவதுதான் பெரியது. எடை குறையும்போது கொழுப்போடு தசையும் போகிறது. எடை திரும்பும்போது முதலில் கொழுப்பாகவே திரும்புகிறது. இப்படி நாலைந்து தடவை ஏறி இறங்கினால், தராசில் அதே எண் இருக்கும், உடம்பில் தசை குறைந்திருக்கும். புரதமும் தசைப்பயிற்சியும் சேர்ந்தால்தான் இதைத் தடுக்க முடியும்.

அளவு? இந்தியாவில் பெரியவர்களுக்குப் பரிந்துரைப்பது கிலோவுக்கு 0.83 கிராம். எடையைக் காக்க நினைப்பவர் 1 முதல் 1.2 கிராம் வரை போகலாம். 65 கிலோ என்றால் 65 முதல் 78 கிராம். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் கூட்டவே கூடாது. நீண்ட நாள் சர்க்கரை நோயாளிகள் சிறுநீரகப் பரிசோதனை செய்துகொண்டு தொடங்குங்கள்.

நாங்கள் சைவம். தினமும் சாம்பார் சாப்பிடுகிறோம், புரதம் கிடைத்துவிடும்தானே?

சாம்பாரில் பருப்பு எவ்வளவு என்பதைப் பொறுத்தது. பல வீடுகளில் நாலு பேருக்கு, இரண்டு வேளைக்கு, 100 கிராம் துவரம்பருப்பு வேகிறது. அதில் மொத்தப் புரதம் 22 கிராம். எட்டாகப் பிரித்தால் ஒரு வேளைக்கு ஒருவருக்கு மூன்று கிராம்கூட இல்லை! சாம்பார் நல்ல உணவுதான். ஆனால் தண்ணீர்ச் சாம்பாரை நம்பி 'புரதம் ஆச்சு' என்று இருப்பது சரியில்லை.

முதலில் பருப்பை இரட்டிப்பாக்குங்கள். சாம்பார் கெட்டியாகும், அவ்வளவுதான். அப்புறம் மதியம் ஒரு கூட்டு: பாசிப்பருப்பு போட்ட கீரைக் கூட்டு, சௌசௌக் கூட்டு, கடலைப்பருப்பு போட்ட பூசணிக் கூட்டு. சாயங்காலம் பிஸ்கட், மிக்சருக்குப் பதிலாகச் சுண்டல். 40 கிராம் கொண்டைக்கடலையில் சுமார் 8 கிராம் புரதம். பச்சைப்பயறு, காராமணி, மொச்சை, கொள்ளு என்று மாற்றிக்கொண்டே போகலாம். நவராத்திரியில் ஒன்பது நாளும் ஒன்பது விதம் செய்கிறவர்களுக்கு மற்ற நாளில் செய்ய என்ன தடை? இட்லி மாவில் உளுந்தைக் கூட்டப் பார்க்க வேண்டாம், பதம் போய்விடும். அதற்குப் பதில் வாரம் இரண்டு நாள் அடை செய்யுங்கள், அதில் பாதிக்குப் பாதி பருப்பு போடலாம். பச்சைப்பயறு தோசையும் அப்படித்தான். சோயா உருண்டையில் 100 கிராமுக்கு 52 கிராம் புரதம், விலையும் குறைவு. 25 கிராம் குருமாவில் போட்டாலே 13 கிராம்.

வேர்க்கடலையைப் புரத உணவு என்று அள்ளிச் சாப்பிடுபவர்கள் கவனியுங்கள். 100 கிராமில் புரதம் 25 கிராம் உண்டு, கூடவே 560க்கு மேல் கலோரியும் உண்டு. ஒரு சின்னக் கைப்பிடி போதும்.

மளிகைக் கணக்கில் சொன்னால், மேலே தட்டுக் கணக்கில் வந்த ஆளுக்கு நாளுக்கு 85 கிராம் பருப்பு வகை என்பது நாலு பேர் வீட்டுக்கு மாதம் 10 கிலோ பருப்பு, பயறு, கடலை, உளுந்து எல்லாம் சேர்த்து. உங்கள் வீட்டுச் சீட்டில் எவ்வளவு இருக்கிறது என்று இந்த மாதமே பார்த்துவிடுங்கள். முழுசும் எட்ட முடியாவிட்டாலும் பரவாயில்லை, 4 கிலோவிலிருந்து 7க்கு வந்தாலே பெரிய மாற்றம்.

சரி, ஒரு முழு நாள் எப்படி இருக்கும்? சைவத்தில் சொல்லுங்கள்.

மேலே சொன்ன 65 கிலோ பெண்ணுக்கு, 1,750 கலோரிக்குள் ஒரு நாள். எண்கள் எல்லாம் தோராயம்.

எழுந்ததும் 100 மில்லி பால் சேர்த்த காபி, ஒரு ஸ்பூன் சர்க்கரை: 85 கலோரி. காலையில் மூன்று இட்லி, கெட்டிச் சாம்பார் ஒரு கிண்ணம், தேங்காய்ச் சட்னி இரண்டு ஸ்பூன்: 385. மதியம் 70 கிராம் அரிசி வடித்த சோறு, 35 கிராம் பருப்பு வரும்படி சாம்பாரும் கூட்டும், காய்கறி 200 கிராம், பொரியலுக்கும் தாளிக்கவும் இரண்டு டீஸ்பூன் எண்ணெய், கொஞ்சம் தேங்காய், ஒன்றரை கரண்டித் தயிர்: 625. சாயங்காலம் சுண்டல், சர்க்கரை போடாத டீ: 230. ராத்திரி இரண்டு சப்பாத்தி, சோயாவும் காய்கறியும் போட்ட குருமா: 410. மொத்தம் 1,735 கலோரி, புரதம் 70 கிராம்.

அசைவம் சாப்பிடுகிறவர்கள் சோயாவுக்குப் பதில் இரண்டு முட்டையோ, 100 கிராம் மீனோ, கோழியோ வைத்துக்கொள்ளலாம். மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி எல்லாம் விலை கட்டுப்படியாகிற நல்ல புரதம். குழம்பாக வைத்தால் சரி. தினமும் பொரித்தால் எண்ணெய்க் கணக்கு ஏறிவிடும்.

சோற்றை விட்டுவிட வேண்டுமா? சிறுதானியத்துக்கு மாறினால் எடை கூடாதா?

சோற்றை விட வேண்டாம். 20 வயதிலிருந்து சாப்பிட்டதை 45இல் விட்டால் ஆறு மாதத்தில் திரும்பி வருவீர்கள், இரண்டு மடங்கு ஆசையோடு. அளவைக் குறையுங்கள், தட்டில் பரிமாறும் வரிசையை மாற்றுங்கள். முதலில் பொரியலும் கூட்டும் தட்டில் பாதி இடத்தை எடுத்துக்கொள்ளட்டும், அப்புறம் சோறு. 'சோறு முக்கால், காய் ஓரத்தில் ஒரு ஸ்பூன்' என்ற நம் வழக்கம்தான் மாற வேண்டியது.

தினை, சாமை, வரகு பற்றி நிறையப் பேர் ஏமாந்திருக்கிறார்கள். சமைக்காத எடையில் 100 கிராம் சிறுதானியத்துக்கும் 100 கிராம் அரிசிக்கும் கலோரியில் பெரிய வித்தியாசம் கிடையாது, எல்லாம் 350க்கு அருகில்தான். சிறுதானியத்தில் நார்ச்சத்தும் தாதுக்களும் அதிகம். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். அதனால் சாப்பிடுங்கள், ஆனால் 'இது வரகரிசிப் பொங்கல், எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்' என்ற எண்ணம் வேண்டாம். அதில் நெய் விட்டிருந்தால் சொல்லவே வேண்டாம்.

செக்கு எண்ணெய், நெய், தேங்காய் நல்ல கொழுப்புதானே?

கலோரிக்குச் செக்கு எண்ணெயும் பாக்கெட் எண்ணெயும் ஒன்றே, ஒரு டீஸ்பூனில் 40க்குக் குறையாது. கொழுப்பை அறவே ஒதுக்கவும் கூடாது. சில வைட்டமின்கள் உடலில் சேரக் கொழுப்பு தேவை. தாளித்த வாசனை இல்லாத கீரையை எத்தனை நாள் சாப்பிட முடியும்? புட்டியிலிருந்து நேராக ஊற்றாமல் ஸ்பூனால் ஊற்றுங்கள். இந்த ஒரு பழக்கமே போதும் என்று நான் நம்புகிறேன்.

ராத்திரி ஏழு மணிக்குள் சாப்பிட்டே ஆக வேண்டுமா?

மொத்தக் கலோரிதான் முதன்மை. தூங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் முடித்தால் செரிமானத்துக்கும் தூக்கத்துக்கும் நல்லது. கடை மூடிவிட்டு பத்து மணிக்கு வீடு வருகிறவர் அதற்காக வருத்தப்பட வேண்டாம். ராத்திரி டிபன் என்ற பெயரில் ஆறு தோசை போகிறதா என்று மட்டும் பார்க்கட்டும்.

குடிப்பதில் கலோரி சேருமா?

சேரும், வயிற்றுக்குத் தெரியாமல் சேரும். நாளுக்கு நாலு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் சர்க்கரை மட்டும் 160 கலோரி. பழத்தை ஜூஸாக்கினால் நார்ச்சத்து போய் வெறும் சர்க்கரைத் தண்ணீர் மிஞ்சுகிறது. மது அருந்துபவர்களுக்கு: 60 மில்லி விஸ்கியிலோ பிராந்தியிலோ சுமார் 140 கலோரி, கூட வைத்துக்கொள்ளும் வறுவலும் மிக்சரும் அதைப் போல இரண்டு மடங்கு. மோரும் நீர்மோரும் நம்மிடம் இருக்கும் அருமையான பானங்கள்.

எடையைத் தினமும் பார்க்கலாமா?

மனசு கலங்காது என்றால் தினமும் பாருங்கள், கலங்கும் என்றால் வாரம் ஒருநாள். காலையில், கழிவறை போய் வந்து, எதுவும் குடிப்பதற்கு முன். ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ ஏறி இறங்குவது இயல்பு. உடலில் சேமித்திருக்கும் மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்கு மறுநாள் தெரியும் ஏற்றத்தில் பெரும்பகுதி அந்தத் தண்ணீரும் உப்பும்தான். ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால் தேவைக்கு மேல் 7,700 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும், ஒரு விருந்தில் அது நடக்காது. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் பெண்களுக்கு ஏறுவதும் தண்ணீர்தான். அதனால் வாரச் சராசரியைப் பாருங்கள்.

தராசு வேலை செய்கிறது என்பதற்குச் சான்று உண்டு. எடை குறைத்த 314 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், தினமும் எடை பார்க்கவும், ஏறினால் வண்ணக் குறியீடு வைத்து உடனே திருத்தவும் கற்றுக்கொடுத்தார்கள். ஒன்றரை வருடத்தில், நேரில் சந்தித்துக் கற்றவர்களில் 46 சதவீதம் பேருக்கு 2.3 கிலோவோ அதற்கு மேலோ ஏறியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தபாலில் குறிப்பு மட்டும் கிடைத்தவர்களில் அது 72 சதவீதம்.

எனக்குச் சரியான எடை எது?

பி.எம்.ஐ. என்பது எடையை (கிலோவில்) உயரத்தால் (மீட்டரில்) இரண்டு தடவை வகுத்தால் வரும் எண். அந்தக் கணக்கில் அதிக எடை தொடங்கும் உலகப் பொது அளவு 25. தெற்காசியருக்கு 23லேயே எச்சரிக்கை தொடங்குகிறது, 25ஐத் தாண்டினால் உடல்பருமன். நம் உடம்புவாகு அப்படி: ஒரே பி.எம்.ஐ. உள்ள ஐரோப்பியரைவிட நமக்குக் கொழுப்பு அதிகம், அதுவும் வயிற்றைச் சுற்றி. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கினும் தங்களையே அளந்து 2004இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடல் கொழுப்பு ஒருவருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2.

அதனால் தராசோடு ஒரு தையல் டேப்பும் வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றுச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டருக்குள், பெண்ணுக்கு 80க்குள். 23ஐ எட்ட முடியவில்லை என்று மனம் உடைய வேண்டாம். இருந்த எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைத்து அங்கேயே நின்றாலும் சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டிலும் நல்ல முன்னேற்றம் தெரியும். எட்டிப் பிடித்து நழுவவிடும் 58 கிலோவைவிட, நிலையாக நிற்கும் 64 கிலோ மேல்.

நாற்பது தாண்டியதால்தான் ஏறுகிறதா?

வயதுமேல் பழி போடுவது வழக்கம். ஆனால் 29 நாடுகளில் 6,400க்கு மேற்பட்டோரை அளந்த ஆய்வு 2021இல் சொன்னது வேறு: உடலளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், 20 வயதிலிருந்து 60 வரை மெட்டபாலிசம் ஏறக்குறைய மாறுவதே இல்லை. அப்புறம்தான் மெல்லக் குறைகிறது. நாற்பதில் மாறுவது வாழ்க்கை முறை: நடை குறைகிறது, வண்டி வருகிறது, தூக்கம் கெடுகிறது, தசை தேய்கிறது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் கொழுப்பு வயிற்றுப் பக்கம் இடம் மாறுவதும் உண்மை. தைராய்டு சந்தேகம் இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள், ஊகித்துக்கொண்டே இருக்க வேண்டாம்.

நடந்தால் போதுமா?

குறைக்க நடை பெரிதாக உதவாது. அரை மணி நடையில் 110 கலோரி போகும், ஒரு மெதுவடை அதைச் சமன் செய்துவிடும். ஆனால் காக்க நடை மிகவும் உதவும். அமெரிக்காவில் 1994இல் தொடங்கிய ஒரு பதிவேட்டில், 13 கிலோவுக்கு மேல் குறைத்து ஒரு வருடமாவது காத்தவர்கள் சேர்கிறார்கள். அவர்களில் 90 சதவீதம் பேர் சராசரியாகத் தினமும் ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறவர்கள். பெரும்பாலும் நடைதான். முக்கால்வாசிப் பேர் வாரம் ஒரு தடவையாவது எடை பார்க்கிறார்கள்.

வாரம் இரண்டு நாள் தசைக்கும் வேலை கொடுங்கள். ஜிம் கட்டாயமில்லை. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, மாடிப்படி, தண்ணீர் நிரப்பிய பாட்டில்கள் போதும். மூட்டுவலி உள்ளவர்கள் பிசியோதெரபிஸ்டைக் கேட்டுத் தொடங்குங்கள்.

வீட்டில் எனக்கு மட்டும் தனிச் சமையல் செய்ய முடியவில்லை.

செய்யவே வேண்டாம். குறிப்பாகப் பெண்களுக்குச் சொல்கிறேன்: எல்லோருக்கும் சமைத்துப் போட்டுவிட்டு, தனக்கு ஓட்ஸ் காய்ச்சிக் குடிப்பது இரண்டு மாதத்துக்கு மேல் நடக்காது. மிச்சமானதை வீணாக்க மனமில்லாமல் சாப்பிடுவதும் சேர்ந்துகொள்ளும். குடும்பப் பானையையே மாற்றுங்கள். கெட்டிச் சாம்பார், இரண்டு காய், அளந்த எண்ணெய் இதெல்லாம் மாமியாரின் சர்க்கரைக்கும் கணவரின் ரத்த அழுத்தத்துக்கும் நல்லதே. வளரும் பிள்ளைகளுக்குச் சோறும் நெய்யும் பாலும் கூட வைத்தால் போதும். இந்த மாற்றத்தைச் சமைக்கிறவர் தலையில் மட்டும் கட்டாமல், காய் நறுக்கவும் சுண்டலுக்கு ஊறப்போடவும் வீட்டில் மற்றவர்களும் வர வேண்டும்.

எடை குறைக்கும் ஊசி போட்டேன். நிறுத்தினால் என்ன ஆகும்?

2025இல் இந்தியாவில் டிர்செபடைடும் எடை குறைப்புக்கான செமாகுளுடைடும் விற்பனைக்கு வந்தபின் இந்தக் கேள்வி அதிகமாகியிருக்கிறது. செமாகுளுடைடு பற்றிய பெரிய ஆய்வு ஒன்றில், நிறுத்தி ஒரு வருடத்துக்குள், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. பசியை அடக்கிய மருந்து போனால் பசி திரும்புகிறது. நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக்கொடுத்த மருத்துவரோடு பேசித் திட்டமிடுங்கள். ஊசி போடும் காலத்திலேயே புரதத்தையும் தசைப்பயிற்சியையும் பழக்கிக்கொள்வது அவசியம். பசி இல்லாததால் சாப்பாடு குறையும்போது முதலில் விடுபடுவது புரதம்தான்.

தீபாவளி, பொங்கல், ஊர்த் திருவிழா முடிந்து மூன்று கிலோ ஏறிவிட்டது. இப்போது என்ன செய்வது?

முதல் ஐந்து நாள் ஒன்றும் செய்யாதீர்கள், வழக்கமான வீட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்புங்கள். தண்ணீர் எடை ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ தானாக இறங்கிவிடும். பட்டினி கிடக்க வேண்டாம், நாலாம் நாள் ராத்திரி அது பழிவாங்கும். மிச்சமிருக்கும் அதிரசத்தையும் முறுக்கையும் அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடுங்கள், டப்பாவில் இருந்தால் கை போகும்.

அப்புறமும் இரண்டு கிலோ நின்றால், நாளுக்கு 300 கலோரி குறைத்து ஒன்றரை மாதம். அரைக் கப் அரிசியில் அது பாதிக்கு மேல் வந்துவிடும், மீதிக்கு ஒரு ஸ்பூன் எண்ணெயும் சர்க்கரையும். புரதத்தில் கை வைக்க வேண்டாம். சர்க்கரைக்கு இன்சுலினோ சல்ஃபோனைல்யூரியா மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் சொல்லி மருந்தின் அளவைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் இந்தக் குறைப்பைச் செய்யக் கூடாது.